நரிக்கு எந்தக் குண்டு?

சென்ற மாதம் மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு அருகில் ஒரு மாடி அறையில், இருபது பேர் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டம். என்னிடம் முன்பு முதுகலை பயின்ற மாணவி ஒருவர் தாம் மொழிபெயர்த்திருந்த அமெரிக்கச் சிறுகதை ஒன்றை வாசித்தார். மொழிபெயர்ப்பு இன்னும் அச்சேறவில்லையாதலால் கதையின் பெயரையும் அவர் பெயரையும் தவிர்க்கிறேன். கதை எளிமையானது. ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு முதியவர், தன் குட்டிகளைக் கொண்டுபோகும் கயோட்டி ஒன்றைச் சுடுவதற்காக முதல்நாள் இரவு சமையலறை மேசையில் அமர்ந்து தோட்டாக்களைத் தேர்ந்தெடுக்கிறார். மூலத்தில் இது நான்கு பக்கம். மாணவியின் தமிழில் நான்கே வரி. 'கிழவர் துப்பாக்கியில் குண்டுகளைப் போட்டுக்கொண்டார். ஓநாய்க்காகக் காத்திருந்தார்' என்பதைப் போல.

மூலத்தை வாசித்திருந்த ஒரு நண்பர் அந்த நான்கு பக்கம் எங்கே என்று கேட்டார். மாணவி பதில் சொல்வதற்குள் கூட்டத்தின் மூத்த விமர்சகர் குறுக்கிட்டார். 'அவையெல்லாம் தகவல்கள். துப்பாக்கிக் கடை விலைப்பட்டியல். இலக்கிய வாசகனுக்கு வேண்டியது கிழவரின் தனிமை. குண்டின் எடை அல்ல.' பலர் தலையசைத்தார்கள். நான் தலையசைக்கவில்லை; வாயும் திறக்கவில்லை. காரணம் வெட்கம். அந்தப் பக்கங்களை வெட்டிவிடுமாறு ஆறு மாதங்களுக்கு முன் அவரிடம் சொன்னவன் நான்தான். ஏறக்குறைய இதே சொற்களில்.

ஆகவே இக்கட்டுரை முதலில் எனக்கு எதிராகவும், பிறகு அந்த விமர்சகருக்கு எதிராகவும், நம் இலக்கியச் சூழலில் வேரோடிவிட்ட ஒரு சோம்பலுக்கு எதிராகவும் எழுதப்படுகிறது.

முதலில் அந்த நான்கு பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கயோட்டி என்பது ஓநாய் அல்ல. நம் நரியைவிடச் சற்றே பெரிய, அதே நாய்க்குடும்பத்து விலங்கு. பெரும்பாலும் பத்து முதல் இருபது கிலோ எடைக்குள் இருக்கும். அதைச் சுடுவதற்கு அமெரிக்கச் சமவெளிகளில் பரவலாகப் பயன்படுவது .223 ரெமிங்டன் வகைத் தோட்டா. அதன் குண்டு பெரும்பாலும் 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் சொச்சம். தி. நகர் நகைக்கடைக் கணக்கில் அரைப் பவுனுக்கும் குறைவு. அது குழலைவிட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3200 அடி. இந்தச் சிறு ஈயத்துண்டு உடலுக்குள் என்ன செய்யும் என்பது அதன் எடையையும் வேகத்தையும் மட்டும் பொறுத்ததல்ல, அதன் உடையையும் பொறுத்தது. குண்டு முழுவதையும் செம்புக்கலவை மூடியிருந்தால், அது ஊசிபோல நுழைந்து ஊசிபோல வெளியேறிவிடக்கூடும். விலங்கு ஓடிப்போய் எங்கோ புதரில் பல மணிநேரம் கிடந்து சாகும். முனையில் ஈயம் திறந்திருந்தாலோ குழிவிருந்தாலோ, குண்டு உள்ளே சென்று காளான்போல விரியும். மரணம் சில நொடிகளில் நிகழும். ஆனால் மறுபுறம் பெரிய துளை விழும், தோல் வீணாகும். மெல்லிய உறையிட்ட இலகுவான குண்டு உள்ளேயே நொறுங்கிவிடும். வெளித்துளை பெரும்பாலும் இராது. தோல் வியாபாரி மகிழ்வான். குறி தவறித் தரையில் பட்டாலும் அதுவே சிதறிவிடும் வாய்ப்பு அதிகம்; தெறித்துப்போய் அடுத்த பண்ணை வீட்டுச் சன்னலைத் துளைக்கும் அபாயம் குறைவு. ஆனால் அதே குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால் மேற்பரப்பிலேயே வெடித்து, உயிர்நிலையைத் தொடாமல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளத்தை மட்டும் உண்டாக்கிவிட்டு நின்றுவிடக்கூடும். அந்தக் காயத்தோடு விலங்கு ஓடும்.

இப்போது சமையலறை மேசைக்குத் திரும்புவோம். கிழவர் முன் மூன்று வகைத் தோட்டாக்கள் இருக்கின்றன. தோலைக் காப்பாற்றும் குண்டைத் தேர்ந்தால் அவருக்குக் கொஞ்சம் பணம். விலங்கை உடனே கொல்லும் குண்டைத் தேர்ந்தால் தோல் இல்லை. அடுத்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. இலகுவான குண்டைக் காற்று ஒதுக்கிவிடும். மனைவி இறந்தபிறகு அவர் கண்பார்வை மங்கியிருக்கிறது; எலும்பைத் தவிர்த்துச் சுட முடியும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. விமர்சகர் தேடிய தனிமை வேறெங்கும் இல்லை, இந்த மேசைமேல்தான் பரப்பிக் கிடக்கிறது. யாரும் பார்க்காத ஓர் இரவில், தன்னால் சாகப்போகும் ஒரு பிராணி எவ்வளவு நேரம் துடிக்கவேண்டும் என்பதை ஒரு மனிதன் தனியாக முடிவுசெய்கிறான். இதை வெட்டிவிட்டு 'கிழவர் தனிமையில் இருந்தார்' என்று எழுதுவதன் பெயர் மொழிபெயர்ப்பு அல்ல, இரங்கற்குறிப்பு.

குண்டின் தேர்வு அறத்தின் கேள்வி என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு விசித்திரமான வரலாற்றுச் சான்று இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் கேப்டன் பெர்டி-கிளே என்ற ஆங்கிலேய அதிகாரி, உறையின் முனையை நீக்கி ஈயத்தைத் திறந்துவிட்ட ஒரு குண்டை உருவாக்கினார். வடமேற்கு எல்லைப் பழங்குடியினர் முழு உறைக் குண்டு பாய்ந்தும் நிற்காமல் ஓடிவருகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இப்படி விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு பிரகடனம் செய்தது. பிரிட்டன் 1907இல்தான் அதை ஏற்றது. டம்டம் என்ற நம் ஊர்ப்பெயர் உலக மொழிகளில் கொடூரத்தின் பெயராக இன்றும் நிற்கிறது.

ஆனால் அதே விரியும் குண்டு வேட்டையில் கட்டாயம். பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டம், மானை ரைஃபிளால் சுடுவதானால் மென்முனைக் குண்டோ குழிமுனைக் குண்டோதான் பயன்படவேண்டும் என்கிறது. மனிதனுக்குக் கொடூரம் என்று தடுக்கப்பட்டது, விலங்குக்குக் கருணை என்று விதிக்கப்படுகிறது. போரில் எதிரியை வீழ்த்தினால் போதும், அவன் பிழைக்கலாம். வேட்டையில் விலங்கு பிழைத்துத் துன்புறுவதுதான் குற்றம். மூன்றரை கிராம் ஈயத்தின் முனையில் இவ்வளவு பெரிய முரண் உட்கார்ந்திருக்கும்போது, அதைத் 'தகவல்' என்று ஒதுக்குகிறவர் எதைத்தான் இலக்கியம் என்கிறார்?

தகவல் இலக்கியத்தைக் கொல்லும் என்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். முதலாவது, ஜார்ஜ் ஆர்வெலின் 'யானையைச் சுடுதல்', 1936இல் வெளிவந்த கட்டுரை. நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஏகாதிபத்தியம் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவாக வருவது. பர்மாவின் மோல்மீனில் மதம்பிடித்த யானையைத் தேடி அவர் முதலில் எடுத்துச்செல்வது பழைய .44 வின்செஸ்டர். யானைக்கு அது போதாது என்று அவருக்குத் தெரியும், சத்தத்துக்காகத்தான் எடுக்கிறார். பிறகு யானை ரைஃபிளை வரவழைக்கிறார். அதைத் தற்காப்புக்கென்று வரவழைத்ததுதான் கூட்டத்துக்குச் செய்தியாகிறது: துரை சுடப்போகிறார். ரைஃபிள் மாறிய அந்தக் கணத்தில் அவர் சுதந்திரம் போய்விட்டது. மேலும், பக்கவாட்டில் நிற்கும் யானையைச் செவித்துளைக்கு நேராகச் சுடவேண்டும் என்பது அவருக்கு அப்போது தெரியாது. அதற்குச் சற்று முன்னால் குறிவைக்கிறார். அந்த யானை சாவதற்கு அரைமணி நேரம் ஆகிறது. ஆர்வெல் இதை எழுதுகிறார், ஏனெனில் அறியாமையின் விலையைச் செலுத்தியது யானை. இந்தத் துப்பாக்கி விவரங்களை நீக்கிப் பாருங்கள். ஏகாதிபத்தியம் பற்றிய நல்ல கருத்து ஒன்று மிஞ்சும். கருத்துகள் எங்கும் மலிவாகக் கிடைக்கின்றன.

இரண்டாவது, ஜிம் கார்பெட். அவருடைய 'குமாயுன் புலிகள்' தி.ஜ.ர.வின் தமிழில் பல தலைமுறை வாசித்த நூல். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அவர் இறுதி வேட்டைக்குச் சென்றபோது கையிலிருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின், ஓடிப்போய்த் தாசில்தாரின் பழுதான துப்பாக்கியை வாங்கி வந்து அவர் அதை முடித்த காட்சியை யாரும் மறப்பதற்கில்லை. ஆனால் நாம் மறந்துவிட்ட ஒன்று உண்டு. கணக்குப்படி 436 பேரைக் கொன்ற அந்தப் பெண்புலியின் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையை அடிக்கமுடியாமல் அது மனிதனிடம் வந்ததற்கு அந்தக் காயமே காரணம் என்பது கார்பெட்டின் முடிவு. பெயர் தெரியாத ஒருவன் பொருந்தாத குண்டாலோ பொறுப்பற்ற குறியாலோ சுட்டு, காயம்பட்ட விலங்கைத் தேடிப்போகாமல் வீடு திரும்பிய ஒரு மாலையின் விலை 436 உயிர்கள். 'குண்டின் எடை வேண்டாம்' என்று சொல்லும் விமர்சகர் அந்த மாலையைத்தான் வேண்டாம் என்கிறார்.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் இப்பொருள்களுக்குச் சொல் இல்லை, ஆகவே சுருக்குகிறோம் என்பது அடுத்த சாக்கு. சொல் வறுமையைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு உண்டா? தொல்காப்பியர் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் 'குருளை' என்று பெயர் வகுத்தபின், நரிக்கும் அது பொருந்தும் என்று தனியே நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். ஒரு நரிக்குட்டியின் பெயருக்காக ஒரு நூற்பாவில் இடம் ஒதுக்கிய மரபு இது. அம்பு, கணை, பகழி, வாளி, கோல் என்று எய்யும் பொருளுக்கே எத்தனை சொற்கள்! இந்த மொழியில் எம்.ஏ. படித்த நாம், ரைஃபிளிலிருந்து வருவதையும் நாட்டுத் துப்பாக்கியிலிருந்து வருவதையும் பீரங்கியிலிருந்து வருவதையும் விமானத்திலிருந்து விழுவதையும் ஒரே 'குண்டு' என்கிறோம். நம் கதைகளில் மருத்துவர்கள் நோயாளியின் மார்பிலிருந்து 'தோட்டா'வை எடுக்கிறார்கள். தோட்டா என்றால் பித்தளைக் கூடும், கருமருந்தும், முனையில் குண்டும் சேர்ந்த முழுப்பொருள். அது துப்பாக்கிக்குள் போகும், உடலுக்குள் போகாது. ரைஃபிளிலிருந்து ரவைகள் சிதறுகின்றன. ரவை சிதறுவது வேறு துப்பாக்கியில். இவை அச்சுப்பிழைகள் அல்ல. எழுதியவர் அந்தச் சாவைப் பார்க்கவில்லை, கற்பனையில்கூடப் பார்க்கவில்லை என்பதன் அடையாளங்கள்.

சொற்கள் வேண்டுமா? காவல்நிலையத்தில் இருக்கின்றன, காட்டோரக் கிராமத்தில் இருக்கின்றன. தோட்டா, கேப்பு, கருமருந்து, ஈயக்குண்டு, ரவை, பால்ரஸ், குழல், விசை. நாம் அவர்களிடம் கேட்பதில்லை. நம் மயிலாப்பூரிலேயே, அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றிய பத்தியை இடைவிடாமல் எழுதினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று நூலாக்கியபோது பலருக்கு வியப்பு. ஒரு பிராணியைத் துல்லியமாகப் பார்த்துத் தெளிவான தமிழில் எழுத முடிந்திருக்கிறது. நாம்தான் அதை இலக்கிய விவாதத்துக்குள் சேர்க்கவில்லை.

இவ்வளவும் மொழிச் சிக்கலாக மட்டும் இருந்தால் இத்தனை கோபத்துக்கு இடமில்லை. நம் மண்ணின் நரிக்கு வருகிறேன். சட்டத்தின்படி நரிக்கு எந்தக் குண்டு? எந்தக் குண்டும் இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முதல் அட்டவணைக்கே உயர்த்திவிட்டது. கிண்டி தேசியப் பூங்காவில், 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆளுநர் மாளிகைக்கும் ஐ.ஐ.டி.க்கும் நடுவே நரிகள் வாழ்கின்றன. அடையாறில் குடியிருக்கும் நாம் ஊளையைக் கேட்டு நாய் என்று நினைத்துத் திரும்பிப் படுக்கிறோம்.

ஆனால் நரி சாகாமல் இல்லை. அது சாவது ரைஃபிளால் அல்ல, அவுட்டுக்காயால். இறைச்சிக்குள் வைத்த நாட்டு வெடி. கடித்தால் வாயில் வெடிக்கும். 2021 பிப்ரவரியில் திருச்சி ஜீயபுரம் அருகே ஒரு நரி இப்படிக் கொல்லப்பட்டு, 12 பேர் கைதானார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தில் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றில் நின்றே செத்தபோது நாடே அழுதது. நரிக்காக யாரும் அழவில்லை. அது பஞ்சதந்திரக் காலத்திலிருந்தே சூழ்ச்சிக்காரன். அதன் சாவுக்கு நம்மிடம் கதை இல்லை. ஒன்று கவனியுங்கள். அவுட்டுக்காயிலும் ஒரு தேர்வு இருக்கிறது: எதையும் தேராமல் இருப்பது என்ற தேர்வு. வருவது நரியா, நாயா, மாடா என்று அது கேட்காது. உடனே சாகுமா, பத்து நாள் பட்டினியில் சாகுமா என்றும் கேட்காது. அமெரிக்கக் கிழவரின் மேசைக்கு நேர் எதிர்முனை இது. அந்த நான்கு பக்கத்தை வாசித்த தமிழ் வாசகனுக்குத்தான் அவுட்டுக்காயின் முழுக் கொடுமையும் உறைக்கும்.

குற்றவாளி யாரென்று உடனே விரல் நீட்டவும் வேண்டாம். நரியின் பெயரையே சாதிப்பெயராகச் சுமத்தப்பட்ட ஒரு சமூகம் நம்மிடையே இருக்கிறது. 2023 ஜனவரியில்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் விற்கும் நரிப்பல்லையும் நரிக்கொம்பையும் இவ்வளவு காலம் வாங்கியவர்கள் யார்? நரிக்கு ஏது கொம்பு என்று கேட்காமல் அதைப் பூஜையறையில் வைத்தவர்கள் யார்? பொங்கலையொட்டி வாழப்பாடி வட்டாரத்தில் வங்காநரியைப் பிடித்து வாயைக் கட்டி ஓடவிடுவதை 'மரபு' என்று சொல்லி ரசிப்பவர்கள் யார்? நரிமுகத்தில் விழித்தால் யோகம் என்ற வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் நாம்தான்.

இன்னொன்றும் உண்டு. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைப் பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுவரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இழந்த விவசாயியின் பக்கம் நியாயம் இருக்கிறது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் 'சுடலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒரு வனக்காவலர் இருட்டில் ஒரு வயலோரம் நிற்கப்போகிறார். எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு, எத்தனை அடி தூரம், பின்னால் யார் வீடு? காயம்பட்டு ஓடினால் தேடிப்போவது யார் கடமை? இக்கேள்விகளைக் கேட்கும் மொழி நம் குடிமைச் சமூகத்துக்கு இல்லை. ஏனெனில் நம் இலக்கியம் அதை உண்டாக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். கொல்லும் கருவியின் நுணுக்கத்தை விவரிப்பது கொலையை ரசிப்பதாகாதா? ஆகக்கூடும். ஆயுதத்தின் பளபளப்பில் மயங்கும் எழுத்து உலகெங்கும் மலிந்திருக்கிறது. அது எனக்கும் உவப்பல்ல. ஆனால் வேறுபாட்டைக் காண்பது எளிது. மயங்கும் எழுத்து குழலோடு நின்றுவிடும். பொறுப்புள்ள எழுத்து குண்டைப் பின்தொடர்ந்து உடலுக்குள் போகும், அது நிற்கும் இடம்வரை போகும். விவரத்தை முற்றாக விலக்குவதால் நாம் அகிம்சாவாதிகள் ஆகிவிடுவதில்லை. அருவருப்பை அழகியல் என்று பெயர்மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவே. கொலையை அறியாதவன் கொலையை மறுப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

கூட்டத்துக்கு மறுநாள் மாணவிக்குத் தொலைபேசினேன். வெட்டச் சொன்னது என் தவறு என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, 'வெட்டியதை அழிக்கவில்லை, ஐயா. தனியாக வைத்திருக்கிறேன்' என்றார். இப்போது அந்த நான்கு பக்கமும் திரும்பிவிட்டன. ஓநாய் கயோட்டியாகிவிட்டது. குண்டு வேறு, தோட்டா வேறு. கிரெய்ன் என்ற அளவை என்ன செய்வது என்று கேட்டார். அது ஒரு காலத்தில் தானிய மணியின் எடை, நம் குன்றிமணி எடையைப் போல. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், வாசகர் பழகிக்கொள்வார் என்றேன்.

ஓர் இடத்தில் மட்டும் எங்களுக்குள் முடிவு எட்டவில்லை. கிழவர் இறுதியில் தேர்ந்தெடுக்கும் அந்த மெல்லுறைக் குண்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? 'நொறுங்குகுண்டு' என்பது அவர் கட்சி. 'சிதறுகுண்டு' என்பது என் கட்சி. ஆனால் அது வெடிகுண்டை நினைவூட்டுகிறது என்கிறார், அதுவும் சரிதான். நண்பர்களில் எவருக்கேனும் தென்மாவட்டக் காட்டோரத்தில் வழங்கும் சொல் தெரிந்தால் சொல்லுங்கள். 'இதெல்லாம் எதற்கு' என்று மட்டும் கேட்காதீர்கள்.